பன்னிரண்டாவது தொட்டி

செந்தில்வடிவு பூந்தொட்டித் தண்ணீரில் முதன்முதலாகக் கை வைத்தது ஒரு வியாழக்கிழமை காலை. அதுவரை அவள் செய்திருந்த பெரிய குற்றம், தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்திலிருந்து விளிம்பு உடைந்த கண்ணாடிக் குடுவை ஒன்றைத் தூக்கிவந்து அதில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்ததுதான். நாற்பத்தெட்டு வயதில் திருட்டுத் தொழிலில் இறங்க இந்த அனுபவம் கொஞ்சம் குறைவு. ஆனாலும் சமாளித்தாள்.

காரணம் எதிர் வீட்டுப் பிள்ளை. தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டிய பதினாலு மாடிக் குடியிருப்பில் ஒன்பதாவது மாடியில் வடிவின் வீடு. எதிரே ரோஸ்லின் இருந்தாள். அவள் புருஷன் கப்பலில். பிரசவமாகிப் பதினெட்டு நாள். பெண் குழந்தை, பெயர் அமலி. பிறந்ததிலிருந்து அது அழுத அழுகை இரண்டு கதவுகளைத் தாண்டி வடிவின் சமையலறை வரைக்கும் வந்துகொண்டிருந்தது.

அன்று வடிவு எட்டிப் பார்த்தபோது ரோஸ்லின் குழந்தையை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணி என்று பெயர். தொட்டுப் பார்த்தால் ஈரத்தைக் காணோம். குழந்தையின் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவந்து தடித்திருந்தது.

“ஏளா, பிள்ளைய தண்ணி ஊத்திக் குளிப்பாட்டாம இப்படித் தொடச்சா வேர்க்குரு எப்படிப் போகும்?”

“எங்க இருந்துக்கா ஊத்த? எனக்கு ஒரு நாளைக்கு முப்பது லிட்டர். குடிக்க, சமைக்க, பிள்ளைத் துணி அலச, அதுக்கே சரியாப் போவுது. இவளுக்குப் பங்கு இல்லைன்னுட்டாவ.”

“ஏன் இல்ல? பொறந்தா பங்கு உண்டுல்லா?”

“கைரேகை விழணுமாம். மிஷின்ல இவ வெரல வச்சா ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. ரேகை தெளிய ஆறு மாசம் ஆவும், அப்புறம் வாங்கன்னு அனுப்பிட்டாவ. ரேகை இல்லாதவ மனுசக் கணக்குல வரமாட்டாளாம்.” ரோஸ்லின் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு திறந்திருந்த கதவு வழியாக வடிவின் வீட்டைப் பார்த்தாள். “ஒங்க வீட்டுல பதினோரு செடி. ஆளுக்கு ஒரு லிட்டர். மனுசப் பிள்ளைக்கு இல்லாத தண்ணி பூச்செடிக்கு எதுக்குக்கா?”

“பூ இல்லன்னா கொசுத்தேனீ இல்ல. தேனீ இல்லன்னா கத்தரிக்கா, முருங்கைக்கா எதுவும் காய்க்காது. வெளிய நாப்பத்தெட்டு டிகிரி வெயில்ல எந்தச் செடி நிக்கும்? அதான் ஜன்னல் இருக்கிற வீட்டுலல்லாம் உள்ள வச்சு வளக்கச் சொல்லுதாவ.”

இது வடிவின் கணவர் லிங்கதுரை தினமும் சொல்கிற பாடம். ஒப்பித்து முடித்தபோது குழந்தை மறுபடி அழ ஆரம்பித்தது. வடிவு அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் பூக்குழாயின் அடியில் நிரம்பியிருந்த வாளியைப் பார்த்தாள். காலை ஏழிலிருந்து ஏழரை வரை அந்தக் குழாய் திறக்கும். மலர்நீர்த் துறை அளந்துவிடுகிற பதினோரு லிட்டர். சொட்டுக் கூடாது, சொட்டுக் குறையாது. ஏழரை மணிக்கு லிங்கதுரை வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவார். துறைமுகத்து எடைமேடையில் எழுத்தர் அவர். லாரியைப் பார்த்தே எத்தனை டன் என்று சொல்லுகிறவர். குடியிருப்பின் பூச்செடிக் குழுவுக்குச் செயலாளர் வேறு.

வடிவு பரணிலிருந்து ஏழரை லிட்டர் குக்கரை இறக்கினாள். அதில் ஆறு லிட்டரை மொண்டு ஊற்றி, மூடியைப் போட்டு, விசிலையும் வைத்தாள். நடையில் காமிரா இருந்தது. காமிராவைவிடக் கூர்மையான கண்ணோடு கோடி வீட்டு எஸ்தர் மைனி உட்கார்ந்திருந்தாள்.

“என்ன வடிவு, காலங்காத்தால குக்கர்?”

“கஞ்சி மைனி. பிள்ளை பெத்தவளுக்கு.”

“அம்புட்டுக் கஞ்சியா?”

“பால் குடுக்காள்லா” என்று சொல்லிக்கொண்டே வடிவு எதிர் வீட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

அமலி அன்றைக்குத்தான் முதல்முறையாகக் குளித்தாள். முதல் செம்பு முதுகில் விழுந்ததும் மூச்சை இழுத்துப் பிடித்தாள். இரண்டாவது செம்பில் இரண்டு கைகளையும் விரித்தாள். மூன்றாவதில் அழுகை நின்றுவிட்டது. குளித்த கையோடு ஐந்து மணி நேரம் தூங்கினாள். ரோஸ்லின் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாளாம், தானும் தூங்கலாம் என்று அவளுக்குத் தோன்றவேயில்லையாம்.

அதற்குப் பிறகு வடிவால் நிறுத்த முடியவில்லை. தினமும் ஆறு லிட்டர் எதிர் வீட்டுக்குப் போனது. மிச்சம் ஐந்து லிட்டரைப் பதினோரு தொட்டிகளுக்கும் பங்கிட்டாள்.

பயம் இல்லாமல் இல்லை. மலர்நீர்த் துறை ஆய்வாளர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். கையில் நாடிமானி என்ற கருவி இருக்கும். அதன் கவ்வியை இலைக்காம்பில் மாட்டினால் செடிக்குள் ஓடும் மின்துடிப்பைப் படித்து, செய்தி வாசிக்கிற பெண் குரலில் ஒரு வார்த்தை சொல்லும். தண்ணீர் போதாத செடி என்றால் “வேண்டும்” என்னும். அப்படி ஒரு செடி சொல்லிவிட்டால் தீர்ந்தது. பூக்குழாயோடு சமையலறைக் குழாயும் மூன்று மாதத்துக்குப் பாதியாகிவிடும். நாலாவது மாடியில் ஒரு தமிழ் வாத்தியார் வீட்டுச் செம்பருத்தி அப்படிக் காட்டிக்கொடுத்து, அந்தக் குடும்பமே பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லாமல் மூன்று மாதம் ஒரே தட்டில் மாறி மாறிச் சாப்பிட்டது.

நன்றாக இருக்கிற செடி “போதும்” என்று சொல்லும். நாடிமானிக்குத் தெரிந்தது இந்த இரண்டு வார்த்தைதான். மூன்றாவது வார்த்தை சேர்க்கலாமா என்று ஒரு குழு இரண்டு வருடம் சண்டை போட்டுக் கலைந்துவிட்டது என்று லிங்கதுரை சொல்லியிருந்தார்.

முதல் வாரம் செம்பருத்தி மத்தியானமானால் இலையைத் தொங்கப் போட்டது. வடிவு அதன் முன்னால் போய் நின்று, “கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி, பச்சப்பிள்ள” என்று கெஞ்சினாள். ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு உரம் வைப்பது லிங்கதுரையின் வேலை. துறை தரும் இளஞ்சிவப்புப் பொடியைத் தொட்டிக்கு ஒரு கரண்டி, தலைதட்டி அளந்து போடுவார். பாதித் தண்ணீரில் முழு உரம் போட்டால் வேர் கருகிவிடும் என்பது ஆய்வகத்தில் இருபது வருடம் உப்புக் கரைத்தவளுக்குத் தெரியாதா? திங்கட்கிழமை அவர் கிளம்பியதும், மேலே கிடந்த பொடியைச் சுரண்டி எடுத்தாள். கால் பங்கை மட்டும் தண்ணீரில் கரைத்து, மண் நனைந்த பிறகு ஊற்றினாள். சுரண்டியபோது அதற்கு அடியில் பழைய உரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்ததைப் பார்த்து, “இத்தன நாளா இது எதையுமே நீங்க திங்கலியா?” என்று கேட்டாள்.

மூன்றாவது வாரம் வீட்டில் ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. என்னவென்று பிடிபட இரண்டு நாள் ஆனது. வாடை போய்விட்டிருந்தது. தொட்டிகளிலிருந்து எப்போதும் ஒரு சேற்று வாடை வரும். தண்ணீர் வீணாகக் கூடாது என்று துறை கொடுத்த தொட்டிகளுக்கு அடியில் ஓட்டையே கிடையாது. செடி வளர்க்கிற வீடு என்றால் அந்த வாடை இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

நாலாவது வாரம் காகிதப்பூ பூத்தது. பூத்தது என்றால் இலை தெரியாமல் பூத்தது. பிச்சியில் நாற்பத்தொரு மொட்டு. பத்துமணிப்பூ எட்டரைக்கே விரிந்தது. மொட்டை மாடிக் கூட்டிலிருந்து குழாய் வழியாக இறங்கும் கொசுத்தேனீக்கள் மற்ற வீடுகளை விட்டுவிட்டு இங்கேயே குடித்தனம் இருந்தன. வடிவுக்குச் சந்தோஷத்தைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது. திருடிய வீட்டில் இப்படி விளக்குப் போட்ட மாதிரி பூத்தால் என்ன செய்வது?

லிங்கதுரைக்கோ தலை கால் புரியவில்லை. குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று, “லிட்டர் பிசகாம ஊத்துதோம். கரண்டி பிசகாம வைக்கோம். வேற ரகசியம் ஒண்ணும் கிடையாது” என்று பேசினார். பேசியதோடு விட்டாரா? படம் எடுத்துத் துறைக்கு அனுப்பினார்.

அடுத்த சனிக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வாளர் பேச்சிமுத்து வந்து நின்றார்.

நாற்பது வயது, ஒல்லி, சிரிக்கிற பழக்கம் இல்லாத முகம். ஒன்பது வருடமாக இதே வேலை. மாடி மாடியாக ஏறி இறங்கிக் காலர் நனைந்திருந்தது. வடிவு அன்றைக்கு லிங்கதுரை வீட்டில் இருந்ததால் குக்கரை எதிர் வீட்டுக்குக் கொண்டுபோகச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு லிட்டரோடு அது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது.

“சார் சாப்பிட்டுத்தான் போகணும். வடிவு, குக்கர்ல என்ன?” என்றார் லிங்கதுரை.

“கஞ்சி. ரோஸ்லினுக்கு.”

“ஆய்வுக்குப் போற வீட்டுல எதுவும் வாங்கிக்கக் கூடாது, விதி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் பேச்சிமுத்து நாடிமானியை எடுத்துப் பிச்சியின் காம்பில் மாட்டினார்.

கருவி பேசவில்லை.

தட்டினார். இல்லை. காகிதப்பூவில் மாட்டினார். இல்லை. செம்பருத்தி, நித்தியகல்யாணி, சங்குப்பூ. பதினொன்றும் வாயைத் திறக்கவில்லை. மின்கலத்தை மாற்றினார். பையிலிருந்து இன்னொரு கருவியை எடுத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். லிங்கதுரை ஒவ்வொரு தொட்டியின் பின்னாலும் போய், “சொல்லு, சார்ட்ட சொல்லு” என்று பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் மேடையேறிய பிள்ளையின் தகப்பன் மாதிரி தூண்டிக்கொண்டிருந்தார்.

“படிவத்துல ரெண்டு கட்டம்தான் இருக்கு” என்று பேச்சிமுத்து முணுமுணுத்தார். “வேண்டும், போதும். ஒண்ணுல டிக் போட்டாகணும். ரெண்டு மிஷினும் ஒரே நாள்ல கெட்டுப்போச்சா என்ன?”

சோதிப்பதற்காகக் கவ்வியைத் தன் சுட்டுவிரலில் மாட்டிக்கொண்டார்.

“வேண்டும்” என்றது செய்தி வாசிக்கும் குரல், கணீரென்று. ஒரு நொடி விட்டு மறுபடியும் சொன்னது: “வேண்டும்.”

வடிவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு அவர் உதட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டது. உதடு வெடித்து வெள்ளையாக இருந்தது.

“எப்ப சார் தண்ணி குடிச்சீய?”

“காலைல ஒரு மடக்கு. அது பரவால்லம்மா. பத்து வீடு ஆச்சு. இன்னும் நாலு வீடுதான்.”

சமையலறைப் பானை காலி. சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் அந்தக் குழாய் திறக்கும். வீட்டில் இருந்த தண்ணீர் எல்லாம் மேசைமேல் குக்கருக்குள் இருந்தது. வடிவு ஒரு நிமிடம் நின்றாள். மூன்று மாதம் பாதித் தண்ணீர், லிங்கதுரையின் செயலாளர் பதவி, தன் வேலை, எல்லாம் மனதில் ஓடியது. வீட்டுக்கு வந்த மனிதர் நாக்கு வறண்டு நிற்கிறார் என்பதும் கூடவே ஓடியது. விசிலை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், டம்ளரை உள்ளே விட்டு மொண்டு நீட்டினாள்.

விதி தெரிந்த மனிதர்தான். கை தானாக நீண்டது. குடித்தார். இரண்டாவது டம்ளரும் குடித்தார். பிறகு டம்ளரின் அடியைப் பார்த்தார், குக்கரைப் பார்த்தார்.

“கஞ்சி ரொம்பத் தெளிவா இருக்கு” என்றார்.

“பூத்தண்ணி சார்” என்றாள் வடிவு. “நாந்தான் எடுத்தேன். முப்பத்தோரு நாளா எடுக்கேன். தெனம் ஆறு லிட்டர். இவியளுக்குத் தெரியாது.”

லிங்கதுரை நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே, வடிவு.”

“சொன்னா விட்டிருப்பியளா?”

வடிவு நேரே எதிர் வீட்டுக்குப் போய், ரோஸ்லின் கையிலிருந்து அமலியை வாங்கிக்கொண்டு வந்து ஆய்வாளர் முன்னால் நீட்டினாள். ரோஸ்லின் பதறிக்கொண்டு பின்னாலேயே வந்தாள். குழந்தையின் கழுத்தில் வேர்க்குருவின் தடம்கூட இல்லை. ரேகை விழாத விரல்களால் அது பேச்சிமுத்துவின் அடையாள அட்டைக் கயிற்றைப் பிடித்து இழுத்தது.

“இதுக்குத்தான் எடுத்தேன். என்ன எழுதணுமோ எழுதிக்கிடுங்க. ஆனா ஒண்ணு சார், ஒங்ககிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். பாதித் தண்ணி ஊத்தின என் செடி ‘வேண்டும்’னு ஏன் சொல்லல?”

“அதான் எனக்கும் புரியல.”

“மத்த வீட்டுச் செடியெல்லாம் ‘போதும்’ங்கு. நீங்க அதத் திருப்தியா இருக்குன்னு எழுதிக்கிடுதீய. இல்லியா?”

“ஆமா.”

“சோறு போடும்போது இலைமேல கைய நீட்டி மறிச்சுப் ‘போதும் போதும்’பாவ பாத்திருக்கீயளா? அவிய திருப்தியில சொல்லுதாவளா, இல்ல ‘போடாதட்டி, நிறுத்து’ன்னு சொல்லுதாவளா?”

பேச்சிமுத்து குழந்தையின் கையிலிருந்து கயிற்றை விடுவிக்கப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“அடியில ஓட்டை இல்லாத தொட்டி. தெனம் ஒரு லிட்டர். வேரு மூச்சு முட்டிச் சாவுது சார். உரமும் எறங்காம மேலயே பொருக்குத் தட்டிக் கெடக்கு. அதுக நிறுத்துங்கன்னு கத்துது, நீங்க டிக் போடுதீய. என் செடிக்கு வேண்டியதும் இல்ல, வேண்டாததும் இல்ல. பேச என்ன இருக்கு? சும்மா இருக்கு.”

அவர் தொட்டிகளின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“ஒன்பது வருசம்” என்றார். “நாலாயிரம் வீடு. எல்லாத்துலயும் போதும், போதும்னு எழுதியிருக்கேன். எங்க வீட்டுலயே ஒரு பிச்சி இருந்துச்சு. என் வீட்டம்மா ஆசையா வச்சது. போன வருசம் தெனமும் மிஷின் மாட்டிப் பாத்தேன். போதும் போதும்னு சொல்லிக்கிட்டேதான் செத்துச்சு. ‘நல்லாத்தானே இருந்துச்சு, உங்க மிஷின் சொல்லுச்சே’ன்னு அவ கேட்டா. என்ன சொல்ல?”

வடிவுக்கு அவர்மேல் இருந்த பயம் அதோடு போய்விட்டது. மூன்றாவது டம்ளர் மொண்டு கொடுத்தாள்.

அவர் குடித்துவிட்டு, தொழில் பழக்கத்தில் சும்மா இருக்க முடியாமல், பிச்சித் தொட்டியின் மண்ணுக்குள் ஈரம் அளக்கும் குச்சியைச் செருகிப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கினார். “அஞ்சு லிட்டர் ஊத்துதேன்னு சொன்னீய. இது அதவிடக் குறைவால்லா இருக்கு. நாலு லிட்டர் தேறாது.”

“இல்ல சார், அளந்துதான் ஊத்துதேன். வாளில மிச்சம் இருக்கது பூராவும்...”

லிங்கதுரை இருமினார். எல்லோரும் திரும்பினார்கள்.

“ஒரு செம்புதான்” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “சவரத்துக்கு. நீ அடுப்படிக்குப் போற நேரமாப் பாத்து. அதுவும் சின்னச் செம்பு.”

“எம்புட்டு நாளா?”

“செயலாளர் ஆனதுல இருந்து. கூட்டத்துக்கு மழமழன்னு போகணும்லா.”

முதலில் சிரித்தது ரோஸ்லின். பிறகு வடிவு. முப்பத்தோரு நாளாக அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூசிக்கொண்டிருந்தவள், அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். லிட்டர் பிசகாமல் ஊற்றிய மனிதர் வழித்த கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

பேச்சிமுத்து சிரிக்கவில்லை. பதிவேட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

“இத நான் மேல எழுதினேன்னு வைங்க, நாளைக்கே பூப்பங்க பாதியாக் குறைச்சிருவாவ. கொறைக்கிற தண்ணி இந்தப் பிள்ளைக்கு வராது. ஆபீஸ் முன்னால புல்தரை போடணும்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருக்காவ, அதுக்குப் போவும். எழுதலன்னா செடி எல்லாம் மூழ்கிச் சாவும். செடி போனா தேனீ போவும்.” தலையைச் சொறிந்தார். “பிள்ளை பேரு என்ன?”

“அமலி” என்றாள் ரோஸ்லின்.

“அமலி” என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். “நல்லா இருக்கு. செடிப் பேரு மாதிரியே இருக்கு.”

எழுத ஆரம்பித்தார். எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதினார். தொட்டி எண் பன்னிரண்டு. இனம், அமலி. வகை, அரியது. இருப்பிடம், எதிர் வீடு. நேர் வெயில் ஆகாது. பூக்கும் பருவம், இன்னும் ஆகவில்லை.

“அரிய வகைக்குத் தெனம் ஆறு லிட்டர் உண்டு. மேல தெளிக்கிறதுக்கு” என்றார் தலையை நிமிர்த்தாமல். “ஆர்க்கிட் வைக்கிறவியளுக்காகப் போட்ட விதி. இந்தக் கட்டடத்துல யாரும் கேட்டதில்ல. ஊட்டம் எத்தன நேரத்துக்கு ஒருக்க?”

ரோஸ்லினுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க சார்” என்றாள் வெட்கத்தோடு.

“இருமணிக்கு ஒருமுறை. தாயூட்டம்” என்று எழுதி அடியில் கோடு போட்டார். “குக்கரெல்லாம் வேண்டாம். இனிமே வாளியிலயே கொண்டுபோங்க. எவராவது கேட்டா பன்னிரண்டாம் தொட்டின்னு சொல்லுங்க.”

மற்ற பதினொன்றுக்கும் நேராக அவரே “போதும்” கட்டத்தில் டிக் போட்டார். “செடி சொல்லலேன்னா என்ன? நான் சொல்லுதேன்.”

அதற்குப் பிறகு அவர் போன வீடுகளில் எல்லாம் ஒரு வேடிக்கை நடந்தது. படிவத்தை நிரப்பி முடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, பொதுவாகச் சொல்கிற மாதிரி, “ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஊத்துங்க. உரத்தக் கரைச்சு ஊத்துங்க. மிச்சத் தண்ணிய நான் கேக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். காகிதத்தில் எதுவும் ஏறவில்லை. மூன்று மாதத்தில் அந்தக் குடியிருப்பே பேச்சை நிறுத்திவிட்டது. நாலாவது மாடி வாத்தியார் வீட்டில் இப்போது ஆளுக்கொரு தட்டு. எஸ்தர் மைனி வாரம் இரண்டு தடவை தலைக்குக் குளித்தாள்; கேட்டால் செடிக்கு ஊற்றும்போது தெறித்துவிட்டது என்றாள். நாடிமானிகள் ஏன் ஊமையாகிவிட்டன என்று துறை ஒரு குழு போட்டு விசாரித்தது. கடல்காற்றின் உப்பு என்று குழு முடிவு செய்தது.

ஆறு மாதம் முடிந்தது. அமலியின் விரலில் ரேகை விழுந்தது, மனுசக் கணக்கில் சேர்ந்தாள். பன்னிரண்டாம் தொட்டியை நீக்கச் சொல்லி லிங்கதுரை முறைப்படி மனு எழுதினார். செடி இறந்ததற்குச் சான்று இணைத்தால் மட்டுமே பதிவு நீக்கப்படும் என்று பதில் வந்தது. ரோஸ்லின் அதைக் கேட்டுக் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். மனு அதோடு நின்றது.

பத்து நாள் கழித்து வந்த கடிதம்தான் லிங்கதுரையை ஆட்டிவிட்டது.

“என்ன எழுதியிருக்காவ?” என்றாள் வடிவு.

அவர் வாசித்தார். “தங்கள் பொறுப்பில் உள்ள தொட்டி எண் பன்னிரண்டு, அரிய வகை, பதிவான நாளிலிருந்து சுமார் ஆயிரம் லிட்டர் நீர் பெற்றும் இதுவரை ஒரு பூவும் பூக்கவில்லை எனத் தெரிகிறது. ஏழு நாட்களுக்குள் தக்க விளக்கம் அளிக்கத் தவறினால் மேற்படி செடியைத் தொட்டியோடு பிடுங்கி அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.” கடிதத்தை மடித்தார். “நான் அப்பமே சொன்னேன். பொய் எழுதினா இப்படித்தான் வந்து நிக்கும். என்ன பதில் எழுத? பேச்சிமுத்து வேலையும் போவும்.”

வடிவு எதிர் வீட்டுக்குப் போனாள். ரோஸ்லின் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அமலி பாயில் உட்கார்ந்து வாளியின் பிடியைச் சப்பிக்கொண்டிருந்தாள். வடிவு பிடியை வாங்கிவிட்டு விரலைக் கொடுத்தாள், விளையாட்டுக்கு. அடுத்த நொடி, “ஆ!” என்று விரலை உருவிக்கொண்டாள்.

குழந்தையின் கீழுதட்டை மெல்ல விலக்கிப் பார்த்தாள். நேற்றுவரை இல்லாதது. “ஏங்க!” என்று நடையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினாள். “பேனாவ எடுங்க!”

லிங்கதுரை வந்ததும் அவள் நின்றபடியே சொல்லச் சொல்ல எழுதினார். “ஐயா, தங்கள் கடிதம் கிடைத்தது. அரிய வகையானதால் பருவம் தாமதப்பட்டது. இன்று காலை நிலவரப்படி கீழ்க்கொப்பில் இரண்டு வெள்ளை மொட்டுகள் வந்திருக்கின்றன. நேரில் வந்து பார்வையிடலாம்.”

பார்வையிட வேண்டியவர் பேச்சிமுத்துதான். மூன்றாம் நாள் வந்தார். வாசலிலேயே கையைக் கழுவிக்கொண்டார். விதிப்புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. பாயில் மண்டியிட்டுச் சுட்டுவிரலை நீட்டினார். அமலி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விரலை இரண்டு கையாலும் பிடித்து வாய்க்குள் கொண்டுபோய் ஒரே கடி.

அவர் கத்தவில்லை. முகம் மட்டும் கோணிக்கொண்டு போனது. விரலை மீட்க ரோஸ்லின் உதவிக்கு வர வேண்டியிருந்தது. சிரிக்கிற பழக்கம் இல்லாதவர் என்பதால் அந்தச் சிரிப்பு எப்படி முடிப்பது என்று தெரியாமல் வெகுநேரம் நீண்டது.

பதிவேட்டை எடுத்து, கடிபடாத விரல்களால் எழுதினார்: “நேரில் ஆய்வு செய்யப்பட்டது. மொட்டுகள் இரண்டு. தொட்டால் கடிக்கிறது.”

எழுதியதை ஒருமுறை படித்தார். கடைசி இரண்டு சொற்களை அடித்துவிட்டு, பக்கத்தில் அதிகாரத் தமிழில் திருத்தினார்: “பிடிமானம் நன்று. தொடர்ந்து நீர் வழங்கலாம்.”